இழுக்கும் கம்பியும் நிற்கும் இடமும்



மழைக்காலம் தொடங்கிவிட்டால் தோட்டப்புறங்களில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். செம்பனைக் குலைகளை ஏற்றி வந்த லோரி செம்மண் சாலையின் திருப்பத்தில் சேற்றில் புதைந்து நிற்கும். டிரைவர் எஞ்சினை உறுமவிடுவார். சக்கரம் சுழலும், சேறு பறக்கும், லோரி இன்னும் இரண்டு அங்குலம் கீழே இறங்குமே தவிர முன்னே நகராது. சற்று நேரத்தில் டிராக்டர் வரும். அல்லது முன்புறத்தில் விஞ்சு பொருத்திய ஜீப் வரும். கம்பியை இழுத்து மாட்டுவார்கள். அதற்குள் செய்தி லயத்தை எட்டிவிடும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்த தாய்மார்களும், வேலை முடிந்து திரும்புவோரும் இருமருங்கிலும் கூடி நின்றுவிடுவார்கள்.

அந்தக் கம்பியைப் பற்றியும், கூடி நிற்பவர்கள் நிற்கும் இடத்தைப் பற்றியும் இன்று சிறிது ஆராய்வோம்.

விஞ்சு என்பது ஒரு பெரிய நூல்கட்டைதான். இரும்பு உருளை ஒன்றில் கம்பிக் கயிறு சுற்றப்பட்டிருக்கும். எஞ்சின் விசையாலோ பேட்டரி மின்சாரத்தாலோ உருளை மெல்லச் சுழலும். கம்பி உள்ளே வரும். கம்பியின் மறுமுனையில் உள்ள பாரமும் கூடவே வரும். பழனிக்குப் போய் வந்தவர்கள் மலைமேல் ஏறும் இழுவை வண்டியை விஞ்சு என்றே சொல்லக் கேட்டிருப்பார்கள். நம் நாட்டுக் காடுகளில் வெட்டுமரம் இழுத்த 'சான் தாய் வோங்' லோரிகளும் விஞ்சு வண்டிகளே. மலையரசன் என்று பொருள்படும் இந்தச் சீனப் பெயர் அவற்றுக்குப் பொருத்தமானதுதான். உலகப் போருக்குப் பின் மிஞ்சிய இராணுவ லோரிகளை மாற்றியமைத்து மரம் இழுக்க விட்டார்கள்.

இவ்வளவு பயனுள்ள கருவி ஏன் ஆளைக் கொல்கிறது? அவசரம் ஒரு காரணம். வெட்டிய செம்பனைக் குலையை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்தால் நல்லது. தாமதமானால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும். ஆகவே சேற்றில் நிற்கும் லோரியைச் சுற்றி எல்லாருக்கும் பரபரப்பு. ஆனால் அவசரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இழுக்கும் கம்பிக்குள் எவ்வளவு வலிமை அடைந்து கிடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. சுழலும் சக்கரத்தைக் கண்டால் ஒதுங்குகிறோம்; கொதிக்கும் எண்ணெயைக் கண்டால் பிள்ளையை இழுத்துக்கொள்கிறோம். விறைத்து நிற்கும் கம்பியோ அசைவதே இல்லை. அசையாத பொருளுக்கு யார் அஞ்சுவார்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு அடிக் கம்பி ஒன்று நாலு டன் பாரத்தை இழுக்கிறது. இரும்புக் கம்பி நீளாது என்று நாம் எண்ணுகிறோம். அது நீளும். நூறு அடிக்கு ஒரு சாண் அளவு நீண்டது என்று வைத்துக்கொள்வோம். வில்லை வளைத்தால் நாணில் விசை சேர்வதுபோல, அந்த ஒரு சாண் நீட்சிக்குள் விசை சேர்ந்து நிற்கிறது. எவ்வளவு? ஐம்பது கிலோ அரிசி மூட்டையை ஏறக்குறைய முப்பது அடி உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் எவ்வளவு வேகத்தோடு தரையைத் தாக்குமோ, அவ்வளவு. கம்பி அறும்போது இத்தனையும் ஒரே கணத்தில் விடுபடுகிறது. அறுந்த முனை சாட்டைபோல் வீசி வரும். கொக்கியோ வளையமோ அதன் நுனியில் இருந்தால் அது பீரங்கிக் குண்டாகிவிடும். கண்ணால் கண்டு விலகுவதற்கு நேரமே இராது.

நைலோன் கயிற்றில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இரும்பைவிட நைலோன் பல மடங்கு நீளும். நீளும் அளவுக்கு விசையும் சேரும். ஆகையால் விஞ்சுக் கம்பி எட்டவில்லை என்பதற்காக நைலோன் கயிற்றை அதனோடு ஒட்டுப்போடுவது கூடவே கூடாது. இப்போது விஞ்சுகளில் வரும் புதுவகைச் செயற்கை இழைக் கயிறு வேறு; அது எடை குறைந்தது, அதிகம் நீளாதது, அறுந்தாலும் இரும்பைப்போல் வீசாது. ஆயினும் மணல், வெயில், சூடு, கூரிய கல் விளிம்பு ஆகியவை அதற்குப் பகை.

சரி, லோரியை இழுக்க எவ்வளவு விசை தேவை? ஆறு டன் லோரி என்றால் ஆறு டன் விசை போதும் என்று பலரும் எண்ணுவார்கள். சமதரையில் உருட்டுவதற்கு அதில் ஒரு சிறு பங்கே போதும். சேற்றில் கதை வேறு. அமெரிக்க இராணுவத்தின் மீட்புப் பணிக் கையேடுகள் ஓர் எளிய கணக்கைத் தருகின்றன. சக்கரம் புதைந்த வண்டிக்கு அதன் மொத்தப் பாரத்துக்குச் சமமான இழுவை வேண்டும். மட்காட் வரை புதைந்தால் இரு மடங்கு. அதற்கும் மேலே டிரைவர் அறை வரை போய்விட்டால் மூன்று மடங்கு. நம் ஆறு டன் லோரி மட்காட் வரை இறங்கினால் பன்னிரண்டு டன் ஆகிவிடுகிறது! மேடு ஏற்றமாக இருந்தால் இன்னும் கூடும். ஜீப்பின் விஞ்சோ நாலு டன்னுக்குச் செய்யப்பட்டது.

இங்கேதான் மண்வெட்டியின் அருமை தெரிகிறது. சக்கரத்துக்கு முன்னால் உள்ள சேற்றை வெட்டி வழி செய்தால் தேவைப்படும் இழுவை வெகுவாகக் குறையும். குலைகளை இறக்கிவிட்டால் பாரமே குறையும். "இறக்கினால் மறுபடி யார் ஏற்றுவது?" என்ற கேள்வி உடனே வரும். நியாயமான கேள்விதான், ஏற்றுபவர்களின் இடுப்பு நோவு நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அரை மணி நேர இடுப்பு நோவையும் அறுந்த கம்பியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இரண்டாவது வழி கப்பி. பள்ளியில் நாம் பிள்ளைகளுக்கு இதை இரண்டு துடைப்பக் கம்புகளைக் கொண்டு காட்டுவதுண்டு. பலசாலிப் பையன்கள் இருவரை ஆளுக்கொரு கம்பைப் பிடித்து விலகி நிற்கச் சொல்லி, இரண்டு கம்புகளையும் சுற்றி ஒரு கயிற்றை நாலைந்து முறை ஓட்டி, கயிற்றின் முனையை வகுப்பிலேயே சிறிய பெண்ணிடம் கொடுப்போம். அவள் இழுத்தால் பலசாலிகள் இருவரும் தள்ளாடிக்கொண்டு ஒன்றுசேர்வார்கள். வகுப்பே சிரிக்கும். விஞ்சிலும் அதே தத்துவந்தான். கம்பியைப் புதைந்த லோரியில் மாட்டிய கப்பி வழியாகச் செலுத்தி, முனையை மறுபடி இழுக்கும் வண்டியிலேயே மாட்டினால், இழுவை இரு மடங்காகும், வேகம் பாதியாகும். விஞ்சுக்கும் கம்பிக்கும் பாரம் பாதிதான். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: கம்பி போய்த் திரும்பும் இடத்தில், கப்பியைப் பிடித்திருக்கும் வளையத்தின்மேல் இரு மடங்கு பாரம் விழுகிறது. கம்பிக்கு ஏற்ற வளையம் அங்கே போதாது.

இனி, கம்பி எங்கே, எப்படிப் பழுதாகிறது என்பதைக் காண்போம். திடீரென்று அறுந்தது என்று சொல்வார்கள். திடீரென்று அறுவது மிக அரிது. கம்பி பல நாள் முன்னதாகவே அறிவித்துவிடுகிறது.

கம்பிக் கயிறு என்பது ஒரே கம்பியன்று. மெல்லிய இழைகள் பல முறுக்கப்பட்டு ஒரு புரியாகும். பெரும்பாலும் ஆறு புரிகள் ஒரு நடுத்தண்டைச் சுற்றி முறுக்கப்பட்டுக் கயிறாகும். இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள்போல் வெளியே நீட்டும். கையுறையில்லாமல் தொட்டால் உள்ளங்கையைக் கிழித்துவிடும். அந்த முள்தான் முதல் எச்சரிக்கை. ஒரு புரி கயிற்றை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும் நீளத்துக்குள் ஆறு இழைகள் அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ அந்தக் கம்பியை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது கிரேன் வேலையில் பின்பற்றப்படும் அளவு. நமக்கும் அது நல்ல அளவே. அடுத்தது மடிப்பு. கம்பியில் கண்ணி விழுந்து, அதைக் கவனியாமல் இழுத்து நேராக்கிவிட்டால், பார்வைக்குக் கம்பி நேராகிவிடும். அந்த இடத்தின் வலிமை மட்டும் திரும்பாது. புரிகள் பிரிந்து பறவைக் கூண்டுபோல் உப்பியிருந்தாலும், நசுங்கியிருந்தாலும், உள்ளே துரு ஏறி மெலிந்திருந்தாலும் அப்படித்தான்.

ஆதலால் கம்பியைச் சுற்றும் முறையே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. தளர்வாகச் சுற்றிய கம்பி, அடுத்த முறை பாரம் ஏறியதும் கீழ் அடுக்குகளுக்கு இடையில் புதைந்து நசுங்கும். சிறு பாரத்தை இழுத்தபடி, ஒழுங்காக வரிசை வரிசையாகச் சுற்ற வேண்டும். சுற்றும்போது கையை உருளையிலிருந்து ஒரு கெஜ தூரத்திலாவது வைத்திருக்க வேண்டும். கம்பியைக் கைக்குள் வழுக்கவிடக் கூடாது. கனத்த தோல் கையுறை கட்டாயம்.

உருளையைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. கம்பியின் உள்முனை உருளையில் ஒரு சிறு திருகாணியால்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. பாரத்தைத் தாங்குவது அந்த ஆணியன்று. உருளையில் இறுகிக் கிடக்கும் சுற்றுகளே. இரும்புக் கம்பியானால் குறைந்தது ஐந்து சுற்றும், செயற்கை இழையானால் பத்துச் சுற்றும் எப்போதும் உருளையில் மிஞ்சியிருக்க வேண்டும். மற்றொன்று, விஞ்சின்மேல் பொறித்திருக்கும் இழுவை அளவு முதல் அடுக்குக்கு மட்டுமே உரியது. அடுக்கு ஏற ஏற உருளை பருத்துவிடுவதால் இழுவை குறையும். நாலாம் அடுக்கில் அது மூன்றில் இரண்டு பங்கோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிடலாம். பக்கத்தில் நின்று சிறிதளவு கம்பியை மட்டும் விட்டு இழுப்பவர்கள் விஞ்சைத்தான் வதைக்கிறார்கள்.

எஞ்சினிலிருந்து தண்டு வழியாக விசை எடுக்கும் விஞ்சுகள் சிலவற்றில் ஒரு சிறு ஆணி இருக்கும். ஷியர் பின் என்பார்கள். அளவுக்கு மிஞ்சிய பாரம் வந்தால் முதலில் அது முறிந்துவிடும், விஞ்சு நின்றுவிடும். அது முறிவதற்கென்றே செய்யப்பட்ட மெல்லிய ஆணி. ஆனால் காட்டு நடுவில் ஆணி முறிந்ததும் நடப்பது என்ன? கையில் அகப்பட்ட கெட்டியான போல்டு ஒன்றை அதில் செருகிவிடுவார்கள். "இனிமேல் முறியாது" என்று பெருமையும் பேசுவார்கள். ஆம், ஆணி முறியாது. அதற்குப் பதிலாகக் கியரோ கம்பியோ கொக்கியோ முறியும். வீட்டில் பியூஸ் கம்பி போனால் ஆணியைச் சொருகும் கெட்டிக்காரத்தனத்தின் மறுவடிவம் இது. முறிந்த ஆணி, பாரம் மிகுந்துவிட்டது என்று சொல்கிறது. மண்வெட்டியை எடுக்கவும், கப்பியைத் தேடவும் அதுவே நேரம்.

கம்பியை எங்கே மாட்டுவது என்பதும் பெரிய விஷயம். கம்பியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அதன்மேலேயே கொக்கியை மாட்டினால் அந்த இடத்தில் இழைகள் மடிந்து அறும். மரத்துக்கு அகலமான பட்டையைச் சுற்றி, இரு காதுகளையும் ஷேக்கள் எனப்படும் வளையத்தில் சேர்த்து, அதில் கொக்கியை மாட்டுவதே முறை. பட்டை தரைக்கு அருகில் இருக்கட்டும். எந்த மரம் என்பதையும் பார்க்க வேண்டும். செம்பனைக்கு ஆணிவேர் கிடையாது. கானோடெர்மா என்னும் காளான் நோய் பிடித்த மரம் அடியில் குடைந்துபோயிருக்கும்; மேலே மட்டை பச்சையாகவே நிற்கும். அத்தகைய மரம் இழுப்பவர் மீதே சாயலாம். அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் தெரிந்தால் அம்மரத்தை விட்டுவிட வேண்டும். வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் ஒருபோதும் மாட்டக் கூடாது. அது டிரெய்லரின் பாரத்துக்காகச் செய்யப்பட்டது. சேற்றிலிருந்து பிடுங்கும்போது முறிந்து பறந்து உயிரைப் பறித்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் உண்டு.

டிராக்டரைக் கொண்டு இழுப்பவர்களுக்கு இன்னோர் ஆபத்து காத்திருக்கிறது. சங்கிலியைப் பின்புறம் தாழ்வாக உள்ள இழுவைச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். அச்சிலோ, அதற்கு மேலோ மாட்டினால், பாரம் அசையாதபோது டிராக்டரின் முன்பக்கம் மேலே எழும்பிப் பின்புறமாகக் கவிழும். மீட்க முடியாத நிலைக்கு அது போய்ச்சேர ஒரு நொடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்கலாம் என்று எண்ணும் முன்னே முடிந்துவிடும். சங்கிலியைத் தளரவிட்டு வேகமாக ஓட்டி வெடுக்கென்று இழுப்பதும் கூடாது. அந்த ஒரு கண அதிர்ச்சி நிதானமான இழுவையைவிடப் பல மடங்கு பாரத்தை ஏற்றும். புதைந்த லோரியின் டிரைவரும் சக்கரத்தைக் கண்டபடி சுழலவிடக் கூடாது. சக்கரத்துக்குத் திடீரென்று பிடி கிடைத்து லோரி முன்னே பாய்ந்தால் கம்பி தளரும். மறுபடி நிற்கும்போது வெட்டி இழுக்கும்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருவோம். எங்கே நிற்பது?

இழுபடும் கம்பியின் நீளத்தைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அதைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் வேலையில் இல்லாத எவரும் நிற்கக் கூடாது. கம்பி நூறு அடி என்றால் நூற்றைம்பது அடி. கம்பி நீளும்போது ஆபத்து வட்டமும் நீளும். கம்பி செல்லும் நேர்க்கோட்டில், இரு வண்டிகளுக்கும் முன்னும் பின்னும் நிற்பது மிக மோசம். கம்பி கப்பியில் திரும்பிச் செல்லுமானால் அந்தக் கோணத்தின் உள்பக்கம் அதைவிட மோசம். கப்பி பிடுங்கிக்கொண்டால் கம்பி அந்த உள்பக்கத்தை அப்படியே வழித்துக்கொண்டு போகும். விறைத்த கம்பியைத் தாண்டுவது, அதன்மேல் கால் வைப்பது, அதன்கீழ் குனிந்து போவது எல்லாம் வேண்டாத வேலை. வீட்டுக்குப் போக வழி அதுதான் என்றால், கம்பி தளரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கம்பியின் நடுவில் ஈரமான உரச் சாக்கு இரண்டையோ, கனத்த போர்வையையோ போட்டுவைக்கும் பழக்கம் நல்ல பழக்கம். கம்பி அறுந்தால் அந்தக் கனம் வீச்சைத் தரைப்பக்கம் இழுக்கும். ஆனால் சாக்குப் போட்டாயிற்று என்று அருகில் போய் நிற்பது தவறு. முன்புறத்தில் விஞ்சு உள்ள ஜீப்பில், வழி தெரியும் அளவுக்குப் போனட்டைத் தூக்கிவைத்தால் கண்ணாடிக்கு ஒரு மறைப்பாகும். இழுக்கும் வண்டியின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்க மறக்க வேண்டாம்.

சைகை காட்டுபவர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும். இன்று ஒரு குழுவில் தமிழரும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். எஞ்சின் இரைச்சலில் யார் எந்த மொழியில் கத்தினாலும் கேட்காது. தொடங்குமுன்பே இழு, தளர்த்து, நிறுத்து என்ற மூன்றுக்கும் கைச்சைகையைப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். 'நிறுத்து' என்ற சைகையை மட்டும் எவர் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். வயதோ பதவியோ பார்க்கலாகாது.

மண்டோர் அவசரப்படுத்தினால் என்ன செய்வது? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. 1994ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் தோட்டங்களுக்கும் உரியது. 2022இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி, உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவருக்குக் கெடுதல் செய்யக் கூடாது. முள் நீட்டிய கம்பியைக் காட்டி, "இதை மாற்றித் தாருங்கள், பிறகு இழுக்கிறோம்" என்று பணிவாகச் சொல்வது அடங்காமை ஆகாது. வேலையில் காயம் நேர்ந்தால் சொக்சோ உண்டு. வேடிக்கை பார்த்த பிள்ளைக்கு அதுவும் கிடையாது. ஆகவே லோரி சேற்றில் நிற்கிறது என்ற செய்தி லயத்துக்கு வந்தவுடன், தாய்மார்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பது. அங்கே நிற்பவர்களில் மூத்தவர் ஒருவர், "நூற்றைம்பது அடி தள்ளிப் போங்கள்" என்று சொல்லி ஒரு கோடு கிழித்துவிட்டால் பிள்ளைகள் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள்; அரிசி மூட்டைக் கணக்கை அவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் கம்பியைக் கழுவித் துடைத்து, முழுவதையும் வெளியே இழுத்துப் பார்வையிட்டுச் சுற்றி வைக்க வேண்டும். பழுதான கம்பியைக் கழற்றினால் அதை முழுதாகக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இன்னொரு தோட்டத்து டிராக்டர்க்காரர் அதை எடுத்துப் போய் மாட்டிக்கொள்வார். பத்தடித் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். அதைத் துணி காயப்போடும் கொடியாகக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: நல்ல சேலையை அதில் போட்டால் அந்த முட்கள் விடாது, பழைய உரச் சாக்கு உலர்த்த வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.